ரிதுபர்ணோ கோஷ் கேமராவை எங்கே வைத்தார்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் சினிமாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தமிழ்ப் படத்தையும் மலையாளப் படத்தையும் சேர்த்தேதான் பேசுவார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே டிசம்பர் மாதத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் ரயிலேறிப் போய் வருகிறவர்கள் உண்டு. 2023 நவம்பரில் மம்மூட்டி நடித்த 'காதல் தி கோர்' வெளியானபோது, ஆணை விரும்பும் ஆண்களைப் பற்றிய பேச்சு இந்தப் பக்கத்துத் தேநீர்க் கடைகளிலும் கல்லூரி வளாகங்களிலும் முன்பைவிடக் கூச்சமின்றி நடந்ததைக் கேட்டேன். அது நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தப் பேச்சுகளில் சில தவறான எண்ணங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டின. ஓர் ஆண் இன்னோர் ஆணை விரும்பினால் அவர் பெண்ணாக மாற நினைக்கிறார் என்று சிலர் உறுதியாகச் சொன்னார்கள். நடையிலும் குரலிலும் மென்மை தெரிந்தாலே ஆண்களை விரும்புகிறவர் என்று சிலர் முடிவு கட்டினார்கள். இயக்குநர் அப்படிப்பட்டவர் என்றால் அவருடைய படங்கள் எல்லாம் அதைப் பற்றியே இருக்கும் என்பது இன்னும் சிலருடைய நம்பிக்கை.

இந்த எண்ணங்கள் எல்லாமே தவறு. இவற்றை ஒருசேரத் தெளிவுபடுத்திக்கொள்ள, வங்காள இயக்குநர் ரிதுபர்ணோ கோஷின் வாழ்க்கையையும் படங்களையும்விடப் பொருத்தமான வழி இந்திய சினிமாவில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. புகழின் உச்சியில் இருந்தபோதே தம் பாலீர்ப்பை மறைக்காமல் வாழ்ந்த முன்னோடி அவர். அவரைப் பற்றி முன்பின் அறியாதவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் மூன்று சொற்கள்

ஒருவர் தம்மை ஆணாகவோ, பெண்ணாகவோ, இந்த இரண்டிலும் அடங்காதவராகவோ உள்ளுக்குள் உணர்வது பாலின அடையாளம். பிறந்தபோது மற்றவர்கள் குறித்த பாலினமும் தாம் உணரும் பாலினமும் வேறுபடுகிறவர்களைத் திருநர் என்கிறோம். திருநங்கையரும் திருநம்பியரும் அவர்களில் அடக்கம்.

ஒருவருக்கு யார் மீது காதலும் உடல் விருப்பமும் ஏற்படுகின்றன என்பது பாலீர்ப்பு. தம் பாலினத்தைச் சேர்ந்தவர் மீதே அது ஏற்படுமானால் தன்பாலீர்ப்பு. தம்மை ஆணாகவே உணர்ந்துகொண்டு, ஓர் ஆணைக் காதலிக்கும் மனிதர் தன்பாலீர்ப்பாளர். அவருக்குத் தம் உடலை மாற்றிக்கொள்ளும் விருப்பம் இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பாலின வெளிப்பாடு. உடை, அணிகலன், நடை, குரல், கையசைவு என்று பிறர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவது எல்லாம் இதில் சேரும். நாம் தெருவில் பார்த்து முடிவு கட்டுவது இதை மட்டும் வைத்துத்தான். ஆனால் வெளிப்பாட்டை வைத்து அடையாளத்தையும் சொல்ல முடியாது, ஈர்ப்பையும் சொல்ல முடியாது. முறுக்கு மீசையும் கனத்த குரலும் உள்ள தன்பாலீர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். மென்மையான நடையோடு, மனைவியை உயிராக நேசிக்கும் கணவர்களும் இருக்கிறார்கள்.

கோஷிடம் இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. ஆண்கள் மீதான தம் ஈர்ப்பை அவர் மறைக்கவில்லை. கண்ணுக்கு மை, காதுக்குத் தோடு, நீண்ட அங்கி, தலைப்பாகை என்று உடுத்தினார். நகையும் ஒப்பனையும் இந்த மண்ணின் ஆண்களுக்கு அந்நியமாக இருந்ததில்லை என்று வாதிட்டார். பெண் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆண் என்ற சொல்லுக்குள் முழுதாக அடங்கவும் மறுத்தார். வங்காளத் தொலைக்காட்சியில் அவருடைய பேச்சையும் உடலசைவையும் போலவே நடித்துச் சிரிக்க வைத்த நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவரை, தாம் நடத்திய உரையாடல் நிகழ்ச்சிக்கே அழைத்து எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். அந்தக் கேலி தம் ஒருவரோடு நிற்பதில்லை, மென்மையான சாயல் கொண்ட ஆண்கள் அத்தனை பேரையும் அது காயப்படுத்துகிறது என்பதுதான் அவருடைய வாதம். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் சூட்டப்பட்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் அந்த உரையாடலைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

சுருக்கமாக: தன்னை யாராக உணர்கிறோம், யாரை விரும்புகிறோம், எப்படித் தோன்றுகிறோம் என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கான விடை மற்றொன்றுக்கான விடையாகாது.

கேமரா யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது?

இனி சினிமாவுக்கு வருவோம். நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் எடுக்கப்படும் வீடியோவை நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் மணமேடை மீது விழும். தாலி கட்டும் கை, மாமன் முறை செய்பவர்கள், மோதிரம் போடுகிறவர்கள், சால்வையோடு வந்த பெரிய மனிதர்கள் என்று கேமரா வரிசையாக நகரும். அதே மண்டபத்தில் நாற்பதைக் கடந்தும் திருமணமாகாத ஒரு சித்தி பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பார். கணவரை இழந்த அத்தை, ஆசீர்வதிக்கும் நேரத்தில் தாமாகவே தூண் ஓரத்துக்கு ஒதுங்கியிருப்பார். அடுத்து உனக்குத்தானே என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் ஓர் இளைஞன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். வீடியோவில் இவர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் ஓரத்தில் ஒரு கணம் தெரிந்து மறைவார்கள். கேமராவைக் கொண்டுபோய் அந்தச் சித்தியின் பக்கத்தில் வைத்துவிட்டால் அது வேறொரு கல்யாணமாகிவிடும். நடந்தது ஒன்றுதான். பார்க்கப்பட்ட இடம் மாறிவிட்டது.

இந்த இடத்தையே பார்வை நிலை என்று சொல்லலாம்: ஒரு காட்சி யாருக்கு அருகில் நின்று, யாருடைய கண் வழியாகக் காட்டப்படுகிறது என்பதுதான் அதன் பொருள். இயக்குநர் இதைப் பேச்சால் அமைப்பதில்லை. கேமராவை எந்த உயரத்தில் வைப்பது, ஒருவர் பேசும்போது பேசுகிறவரின் முகத்தைக் காட்டுவதா கேட்கிறவரின் முகத்தைக் காட்டுவதா, ஆள் அறையை விட்டுப் போன பிறகும் கேமரா யாரோடு தங்க வேண்டும் என்ற சின்னச் சின்ன முடிவுகளால் அமைக்கிறார். ஒருவருடைய முகத்தோடு இரண்டு மணி நேரம் தங்கியிருந்தால், வெளியே வரும்போது அவருடைய பக்கத்து நியாயம் நமக்குப் பிடிபட்டிருக்கும்.

கோஷின் முன்னோடித்தனம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. குடும்பப் படத்தில் ஓரமாக நிற்கவைக்கப்படுகிறவர் யாரோ அவர் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோய் வைப்பதை அவர் இருபது ஆண்டுகள் விடாமல் செய்தார். முதலில் அந்த இடத்தில் பெரும்பாலும் பெண்கள் இருந்தார்கள். பிற்பாடு அவரே இருந்தார். தன்பாலீர்ப்பாளராகப் பிறந்தால் இந்தத் திறமை தானாக வந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. தம் வாழ்க்கை கொடுத்த கூர்மையை அவர் உழைத்துக் கலையாக்கினார்.

விளம்பரத்திலிருந்து சினிமாவுக்கு

கோஷ் 1963 ஆகஸ்ட் 31 அன்று கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை சுனில் கோஷ் ஓவியர், ஆவணப்பட இயக்குநர். மகன் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு விளம்பர நிறுவனம் ஒன்றில் வாசகம் எழுதும் வேலையில் சேர்ந்தார். போரோலின் களிம்பு வங்க வாழ்வின் அங்கம் என்ற பொருளில் அவர் எழுதிய வங்காள வாசகம் அங்கே பழமொழி போலப் புழங்கியது. நாலு சொல்லில் ஒரு வீட்டின் மணத்தைக் கொண்டுவரும் பயிற்சி அவருக்கு அங்கேதான் கிடைத்தது.

முதல் படம் 'ஹீரேர் ஆங்டி', 1992இல் குழந்தைகளுக்காக எடுத்தது. அதே ஆண்டில்தான் சத்யஜித் ராய் மறைந்தார். வங்காள நடுத்தர வர்க்கம் திரையரங்குக்குப் போவதைப் பெரும்பாலும் விட்டிருந்த காலம் அது. 1994இல் வந்த 'உனிஷே ஏப்ரல்' அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது. சிறந்த கதைப்படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது.

வீட்டுக்குள் இருந்தவர்கள்

'உனிஷே ஏப்ரல்' என்றால் ஏப்ரல் 19. அது தந்தையின் நினைவு நாள். புகழ்பெற்ற நடனக் கலைஞரான தாய் அதை மறந்துவிடுகிறாள். மருத்துவம் படித்த மகளால் மறக்க முடியவில்லை. தாயாக அபர்ணா சென்னும் மகளாக தேபஸ்ரீ ராயும் நடித்தார்கள். ஓர் இரவு முழுவதும் ஒரே வீட்டுக்குள் இருவரும் பேசித் தீர்க்கிறார்கள். தொழிலில் வென்ற பெண் நல்ல தாயாக இருக்க முடியாது என்று முடித்துவிடுவது எளிது. நம் படங்கள் பலவும் அப்படித்தான் முடிந்தன. கோஷ் மகளின் வலியோடு நம்மை உட்காரவைத்துவிட்டு, மெல்லத் தாயின் பக்கத்துக்கும் அழைத்துப் போகிறார்.

1997இல் வந்த 'தஹன்' சுசித்ரா பட்டாசார்யாவின் நாவலை அடிப்படையாகக் கொண்டது. புதிதாகத் திருமணமான ஒரு பெண்ணைத் தெருவில் சிலர் தாக்குகிறார்கள். சுற்றி நின்றவர்களில் ஓர் இளம் ஆசிரியை மட்டும் உதவிக்கு ஓடுகிறாள். வேறு இயக்குநர் என்றால் கதை குற்றவாளிகளைத் துரத்திப் போயிருக்கும். கோஷின் கேமரா வீடு திரும்புகிறது. குடும்ப மானம் போகும் என்று புகுந்த வீட்டார் அவளுடைய வாயை அடைக்கிறார்கள், தெருவில் தன்னால் காப்பாற்ற முடியாத கணவன் படுக்கையறையில் அவளைப் பலவந்தப்படுத்துகிறான், உதவிய ஆசிரியையையும் அவளுடைய வருங்காலக் கணவனே தளரச் செய்கிறான். தெருவில் நடந்த வன்முறை சில நிமிடங்களில் முடிந்துபோனது. வீட்டில் அது நீள்கிறது. என் கணக்கில் இதுதான் அவருடைய மிகக் கடுமையான படம்.

'பாரிவாலி' என்றால் வீட்டுக்காரி. திருமணத்துக்கு முந்தைய நாள் மணமகனைப் பாம்பு கடித்ததால் திருமணமே நடக்காமல்போன ஒரு பெண், பழைய மாளிகையில் தனியாக வாழ்கிறாள். அங்கே படப்பிடிப்புக்கு வந்த இயக்குநர் அன்பாகப் பேசி, படத்தில் ஒரு சிறு வேடமும் தருகிறார். அவள் உள்ளம் மலர்கிறது. வேலை முடிந்ததும் குழு போய்விடுகிறது, அவள் நடித்த காட்சியும் வெட்டப்படுகிறது. கலையின் பெயரால் ஒரு மனிதரை எப்படிப் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்று தம் தொழிலையே கூண்டில் ஏற்றிய படம் இது. கிரண் கேருக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

தாகூரின் நாவலிலிருந்து 2003இல் எடுத்த 'சோக்கேர் பாலி'யில் ஐஸ்வர்யா ராய் இளம் விதவை பினோதினியாக நடித்தார். கைக்கு அடக்கமான ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி வழியாக அவள் புதுமணத் தம்பதியைப் பார்க்கும் இடத்தைக் கவனியுங்கள். எல்லோராலும் பார்க்கப்பட்டு, இரங்கப்பட்டு, விலக்கப்பட்ட விதவை இங்கே பார்க்கிறவளாகிறாள். அவளுக்கும் ஆசை உண்டு என்பதை இயக்குநர் வசனமாகச் சொல்லவில்லை. கண்ணாடியை அவள் கையில் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

குறையும் உண்டு. பெரும்பாலும் வசதி படைத்த, படித்த, உயர்சாதி வீடுகளின் கூடத்தை விட்டு இந்தப் படங்கள் வெளியே வருவதில்லை. அந்த வீடுகளில் வேலை செய்கிறவர்களின் பக்கத்தில் கேமரா உட்காரும் நேரம் குறைவு.

சுருக்கமாக: இந்தப் படங்களின் கதைக்களம் தன்பாலீர்ப்பு அல்ல. ஆயினும் வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டில் இடமில்லாதவர்களை இத்தனை நெருக்கமாகப் பார்த்தவர், அந்த நிலையைத் தாமும் அறிந்தவர்.

இயக்குநரே கேமராவுக்கு முன்னால்

1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, மனமொத்த இரு ஆண்களின் உடலுறவையும் ஆயுள் தண்டனை வரை விதிக்கக்கூடிய குற்றமாக வைத்திருந்தது. 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், வயது வந்தோர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில் கோஷின் வாழ்க்கையில் ஒரு பெரிய திருப்பம் ஏற்பட்டது. இருமுறை சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது பெற்றவர், நடிகராக முன்னால் வந்து நின்றார்.

கௌசிக் கங்குலி இயக்கி 2010இல் வெளிவந்த 'ஆரேக்டி ப்ரேமேர் கல்போ'வில் அவருக்கு இரண்டு வேடங்கள். சபல் பாதுரி என்ற ஜாத்ரா நடிகரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் இயக்குநர் ஒருவர். அந்த நடிகரின் இளமைக்காலம் இன்னொன்று. ஜாத்ரா வங்காளத்தின் மக்கள் நாடக வடிவம். அதில் பெண் வேடமிட்டு 'சபல் ராணி' என்று கொண்டாடப்பட்டவர் பாதுரி. நடிகைகள் மேடைக்கு வந்த பிறகு அவருக்கான இடம் சுருங்கியது. முதுமையில் அவரே இந்தப் படத்தில் தோன்றுகிறார்.

நம் மாவட்டத்து வாசகர்களுக்கு இது தொலைவான உலகமல்ல. சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் கணியான் கூத்து பார்த்தவர்களுக்கு, மகுடம் என்ற தோல்கருவியின் தாளத்துக்கும் அண்ணாவி என்ற தலைமைப் பாடகரின் பாட்டுக்கும் பெண் உடையில் ஆடும் ஆண்களைத் தெரியும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் கதகளி பார்த்தவர்களுக்கு, ஆண்களே ஏற்கும் பெண் வேடத்தின் அழகு தெரியும். மேலே சொன்ன மூன்று சொற்களை இங்கே பொருத்திப் பாருங்கள். பெண் வேடம் கட்டுவது மேடைக்கான வெளிப்பாடு. அதை வைத்து ஆடுகிறவரின் அடையாளத்தையோ ஈர்ப்பையோ ஊகிக்க நமக்கு உரிமையில்லை. அதே சமயம், மேடையில் கைகூப்பி வரவேற்ற சாயலைத் தெருவில் கண்டால் சிரிக்கிறோமே, அது ஏன் என்று அந்தப் படம் கேட்கிறது.

யாருடைய உடல் திரையில் வரலாம் என்ற சண்டையும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' என்ற மௌனப்படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததற்காக, தலித் பெண்ணான பி. கே. ரோஸி திருவனந்தபுரத்திலிருந்து துரத்தப்பட்டு நாகர்கோவில் பக்கம் வந்து, பெயரை மறைத்து வாழ நேர்ந்தது. அந்தப் படத்தை எடுத்த ஜே. சி. டேனியல் தம் கடைசிக் காலத்தை அகஸ்தீஸ்வரத்தில் கழித்து 1975இல் மறைந்தார். சாதியால் விலக்குவதும் பாலீர்ப்பால் விலக்குவதும் ஒன்றல்ல. ஆனால் திரையிலிருந்து ஒருவரை வெளியேற்றும் கை இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது.

அடுத்து சஞ்சய் நாக் இயக்கிய 'மெமரீஸ் இன் மார்ச்'. இதன் திரைக்கதையும் கோஷுடையது. விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் கொல்கத்தா வருகிறாள்; மகன் ஓர் ஆணைக் காதலித்தான் என்பதை அங்கே அறிகிறாள். தாயாக தீப்தி நவல், காதலராக கோஷ். ஒரே மனிதனை இழந்த இருவரில் ஒருவருடைய துக்கத்தை ஊர் ஏற்றுக்கொள்கிறது, இன்னொருவருடைய துக்கத்துக்குப் பெயர்கூட இல்லை. வெறுப்பும் திகைப்புமாகத் தொடங்கும் தாய், தன் மகனைத் தன்னைவிட நெருக்கமாக அறிந்தவர் இந்த மனிதர்தான் என்று உணரும் வரை படம் அவசரப்படாமல் காத்திருக்கிறது.

சித்ராங்கதா: மூன்று சொற்களும் மோதும் இடம்

2012இல் கோஷே எழுதி, இயக்கி, நடித்த 'சித்ராங்கதா' தாகூரின் நாடகத்தை மையமாகக் கொண்டது. மணிப்பூர் அரசன் தன் மகளை மகனைப் போல வளர்க்கிறான். அர்ச்சுனன் மீது காதல் கொண்ட அவள், மன்மதனிடம் வரம் கேட்டு அழகியாகிறாள். ஆனால் அர்ச்சுனன் விரும்புவது இரவல் அழகையா, தன்னையா என்ற கேள்வி அவளை அரிக்கிறது.

படத்தில் ருத்ரா ஒரு நடன இயக்குநர். அவருக்கும் தாளக் கலைஞர் பார்த்தோவுக்கும் காதல். பார்த்தோவுக்குக் குழந்தைகள் என்றால் ஆசை. ஆனால் இரு ஆண்கள் சேர்ந்து குழந்தையைத் தத்தெடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஒருவர் பெண்ணாகிவிட்டால் வழி பிறக்கும் என்று ருத்ரா அறுவை சிகிச்சைகளைத் தொடங்குகிறார். பார்த்தோ விலகுகிறான். அவன் காதலித்தது ஓர் ஆணை. பெண்தான் வேண்டும் என்றால் வேறு பெண்ணைத் தேடியிருப்பேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான்.

அந்தக் கொடுமையான பேச்சுக்குள் இந்தக் கட்டுரையின் முதல் பாடம் இருக்கிறது. பார்த்தோவின் பாலீர்ப்பு ஆண்கள் மீதானது. ருத்ரா பெண்ணானால் அந்த ஈர்ப்பு கூடவே மாறிவிடாது. ருத்ராவும் தன் உள்ளுணர்வுக்காக மட்டும் மாறப் புறப்பட்டவர் அல்லர். சட்டத்தின் கதவு வழியாக நுழைய உடலைத் திருத்திக்கொள்ள வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டவர். தான் உண்மையில் என்னவாக இருக்க விரும்புகிறோம் என்று மருத்துவமனை அறையில் தனக்குள் பேசிப் பேசி, கடைசியில் அவர் அறுவை சிகிச்சையைத் தொடர்வதில்லை. உடலை மாற்றிக்கொள்ளும் திருநர்களின் முடிவைப் பழிக்கும் படமாக இதைப் பார்க்கக் கூடாது. அவரவர் முடிவு அவரவர் உள்ளுணர்விலிருந்து வரட்டும், பிறருடைய நிபந்தனையிலிருந்து வர வேண்டாம் என்பதே அதன் வேண்டுகோள். இந்தப் படத்துக்குத் தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது.

2013 மே 30 அன்று, 50 வயதை எட்டும் முன்பே, மாரடைப்பால் கோஷ் கொல்கத்தாவில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, மனமொத்த உறவு குற்றமல்ல என்று இறுதியாக அறிவித்தது. ஆனால் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. இணையராகச் சேர்ந்து தத்தெடுப்பதும் திருமணமான தம்பதிகளுக்கே உரியதாக நீடிப்பதால், ருத்ராவும் பார்த்தோவும் இன்று போனாலும் அதே பதிலைத்தான் பெறுவார்கள்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்

புதிதாக வருகிறவர்கள் 'சித்ராங்கதா'விலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். நனவும் கற்பனையும் மேடை நடனமும் கலந்து ஓடும் படம் அது. முன்பழக்கம் இல்லையென்றால் குழம்பும். முதலில் 'உனிஷே ஏப்ரல்' பாருங்கள், கதை நேராகப் போகும். பிறகு 'தஹன்'; ஆனால் அதை வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து பார்ப்பதற்கு முன் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் சில காட்சிகள் அத்தகைய வன்முறைக்கு ஆளானவர்களை உலுக்கிவிடும். மூன்றாவதாக 'மெமரீஸ் இன் மார்ச்'. பிள்ளையின் பாலீர்ப்பை அண்மையில் அறிந்து தவிக்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்லும் படம் அதுதான். பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுவதால் வங்காளம் தெரியாதவர்களுக்கும் எளிது. இவற்றைப் பார்த்து முடித்தவர்கள் 'சித்ராங்கதா'வுக்குப் போகலாம், தாகூரின் கதையை முன்கூட்டியே ஒருமுறை படித்துக்கொண்டு.